ஹாஜியாருக்கு விட்ட முதல் வரி

பசறையில் பிறந்து, பதுளைக்கு வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதில் கைம்பெண்ணான ஸுபைராவுக்குச் சொந்தமென்று ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்தன. அந்தத் தண்ணீரில்தான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். "என்ட கெணத்துத் தண்ணி பட்டா மா தானா வெளுக்கும்" என்பாள். கொஞ்சம் பீற்றல்தான். பீற்றிக்கொள்ள அவளுக்கு வேறென்ன இருந்தது?

1911 நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட நாட்களில், அவள் வீடிருந்த குறுகிய ஒழுங்கையின் முனையில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். குடியிருப்புக்கு மட்டுமென்று இருந்த அந்த ஒழுங்கையின் மேட்டுக் காணியில் தோல் கிடங்கு வரப்போகிறதாம். அயல்வீட்டார் இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால், விசாரணை வைத்து அவர்களைக் கேட்காமல் அனுமதி கிடையாது. தையற்கடை ஜுனைதீன் வாசித்துச் சொன்னதும் ஸுபைரா மேட்டை அண்ணாந்து பார்த்தாள். மேட்டில் உப்புத்தோலை அடுக்கினால், மழையில் அதன் அழுக்கு எங்கே இறங்கும்? நேரே அவள் கிணற்றுக்குத்தான்.

ஜுனைதீனைக் கொண்டு மனு எழுதுவித்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பதினொரு வீடும் ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒப்பம் வைத்தார்கள், இரண்டாவது வரியிலிருந்து. முதல் வரி இப்றாஹீம் ஹாஜியாருக்கு. கல்யாணமோ பள்ளிவாசல் காரியமோ, அந்த ஒழுங்கையின் எந்தக் கடுதாசியிலும் அவர் பெயர்தான் முன்னால் நிற்கும். அவர் கேட்டு வாங்கிய மரியாதை அல்ல. ஊர் தானாகத் தூக்கிக் கொடுத்தது. ஸுபைராவும் தன் பெருவிரலைக் கடைசி வரியில் பதித்தாள்.

ஹாஜியாரோ மொனராகலையில் காணி பார்க்கப் போயிருந்தார். "ரெண்டு நாள்ல வந்துருவாரு ராத்தா" என்றான் ஜுனைதீன். பசறைக்கு அப்பால் மண் சரிந்து பாதை அடைபட்டது. இரண்டு நாள் பத்து நாளானது, பத்து பதினாறானது. முதல் வரியை வேறு யாராவது நிரப்பட்டும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இதைச் சொல்லும் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது, பதினொரு வீட்டிலும் ஒருவருக்குமா!

இருபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஸுபைராவே மனுவை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர் சிதம்பரநாதன் வாங்கிப் பார்த்தார்.

"முதலாம் மனுதாரர் ஆர்? இஞ்ச வெறுமையாக் கிடக்கு."

"அது ஹாஜியாருக்கு விட்டதுங்க."

"அவர் எங்கை?"

"வந்துக்கிட்டு ஈக்கிறாருங்க."

"விசாரணைக் கடிதம் முதலாம் ஆளுக்குத்தான் போகும். ஆளில்லாட்டி மனு எடுபடாது. உங்கட வீடு எது?"

"மேட்டுக்குக் கீழ உள்ளதுதான். கெணறு ஈக்கிற வீடு."

"அப்ப உங்களை விட ஆருக்கு உரிமை? இதில விரலை வையுங்கோ, அம்மா. ஒரு மணிக்கு மனுக் கட்டை மேலிடத்துக்கு அனுப்பிப்போடுவன்." மைத்தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

விரலில் மை தொட்டுவிட்டாள். கடுதாசிக்கு மேல் கொண்டுபோனவளுக்குக் கை அங்கேயே நின்றுவிட்டது. பதினொரு ஆம்பிளைகளுக்கு மேலே, ஹாஜியார் இருக்கவேண்டிய இடத்தில், இடியப்பக்காரியின் விரலா? ஊர் என்ன பேசும்? "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேனுங்க" என்று மனுவை வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினாள்.

உள்ளே குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. வெளிச்சுவரோரம் மழையில் நனைந்தபடி, மனுவை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். தொழுகை முடிந்து வந்த ஜுனைதீனிடம் கேட்டாள்.

"ஹாஜியார்ட எடத்திலயா?" என்று அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டான். அவர்கள் இன்னும் இரண்டு பேரைக் கேட்டார்கள். கடைசியில் "பரவால்ல, வைங்க ராத்தா" என்று முடிவானது. அவள் மூச்சிரைக்கத் திரும்பியபோது ஒன்றே கால். மனுக் கட்டுப் போய்விட்டது. சிதம்பரநாதன் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

நாலாம் நாள் ஹாஜியார் வந்து சேர்ந்தார். கேள்விப்பட்டு நேரே அவள் வாசலுக்கு வந்தார்.

"எனக்காகவா காத்துக்கிட்டு இருந்தீங்க? கெணறு ஒங்கடதானே? நீங்க வெச்சிருந்தா நான் கோவிக்கவா போறேன்?"

மனிதர் உண்மையாகவே வருந்தினார். அதுதான் ஸுபைராவை அறுத்தது. கோபப்படக்கூட அவளுக்கு ஓர் ஆள் மிஞ்சவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கங்க ஹாஜியார்" என்று அவளே சொன்னாள்.

தை மாதம் தோல் வண்டிகள் மேடேறின. இரண்டு மழைக்குள் கிணற்றில் நாற்றம் எடுத்தது. ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அவித்துப் பார்த்தாள். கிணறு கெட்ட செய்தி பஜார் முழுக்கப் பரவியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் என்று அவள் சொன்னதை யார் நம்பினார்கள்? இனி இடியப்பம் வேண்டாமென்று முதலில் சொல்லியனுப்பியது ஹாஜியார் வீடு.