கற்பூரம் முந்தானையில் இருந்தது

பூஜை என்றால் கூழ் உண்டு என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் அன்று அம்மாவோடு பஸ் ஏறினேன். ஆடி வெள்ளிக்கிழமை. இரண்டாம் வகுப்புக்கு மட்டம். தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் போய், அம்மாவும் சித்தியும் வேலை பார்த்த கம்பெனி கேட்டுக்கு வந்தோம். காருக்கு வயர் செய்யும் கம்பெனி.

கூழும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேட்டை ஒட்டி வேப்பிலை கட்டிய அம்மன் படம். அதற்கு முன்னால் தரையில் காலை ஷிப்டுப் பெண்கள் அத்தனை பேரும். ஓரமாகச் சித்தி, ஆறு மாத வயிற்றோடு. நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. கால் வீங்கிப்போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாளாம். அதற்காக வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கோஷம் போட்டால் போலீஸ் வரும் என்று மிரட்டலும் வந்திருந்தது. பாடக் கூடாதென்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அம்மா அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். கற்பூரம் காட்டாமல் அம்மன் பாட்டை முடிக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும். கற்பூரத்தையோ அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். வெயில் ஏறியது. பசி, தாகம், ஒன்றுக்கு வேறு முட்டியது. எப்போது முடியும் என்று அவள் சேலையை இழுத்து இழுத்துக் கேட்டேன். தொடையில் ஒரு கிள்ளு வாங்கியதுதான் மிச்சம். ஒருத்திக்குத் தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருந்தவள் வாங்கிப் பாடினாள்.

விரட்டத்தான் வந்தார் மேனேஜர். படத்தைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டார், பாவம். சுடுகிற சிமெண்டில் சாக்ஸோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். உள்ளே ஒரு மிஷினும் ஓடவில்லை. கடைசியில் அவரும் நான் கேட்டதையேதான் கேட்டார்.

"சீக்கிரம் கற்பூரத்தைக் காட்டிட்டு உள்ள வாங்கம்மா."

"ஓராள் கொறையுது சார்," என்றாள் அம்மா. "என் தங்கச்சிய உள்ள வுடுங்க. குந்தறதுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. இப்பவே ஏத்திடறேன்."

அவர் யார் யாருக்கோ போன் போட்டார். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவழியாகக் கேட் திறந்தது. சித்தி உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் அம்மா தீக்குச்சியை உரசினாள். மேனேஜரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா ஷிப்டு முடிந்து வரும்வரை நான் செக்யூரிட்டி அறையில் பிஸ்கட் தின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அம்மா வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பாலைக் கொட்டினேன், வீட்டுப்பாடம் எழுதவில்லை; ஒரு திட்டு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு மனசார வேண்டிக்கொண்டேன்: ஆத்தா, எங்கம்மா தினமும் அந்தக் கேட்டுக்குப் போய்ப் பாடணும்.