டோரதி கப்பலேறிய கதை

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்கன்னு எவ சொன்னா உனக்கு? அவளே கேட்டிருக்கா, கப்பலுக்குப் போறேன்னு."

"கப்பலையே உடைச்சிட்டாளாமே ஆன்ட்டி?"

"உடையல. குலுங்கிச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான. சும்மாதான் கேட்டேன்" என்றாள் கேரல்.

கேரல் பக்கத்து வீட்டுக்காரி. நல்லவள்தான். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் நமக்கு வரும்; கூடவே எங்கள் பிரேசர் டவுனில் நாலு வீட்டுக் கதையும் வரும். டோரதி என் மகன் க்ளெனின் மகள், என் கையில் வளர்ந்தவள். அவள் கதையை நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்.

டோரதிக்கு வேலை இதே ஊரில், தொம்மலூரில். கடலில்லாத ஊரில் உட்கார்ந்து, கடலில் போகிற கப்பல்களின் டீசல் என்ஜின்களைக் கம்ப்யூட்டரில் பார்த்து, எந்த வேகத்தில் ஓட்டினால் பத்திரம் என்று சொல்ல வேண்டும். "மெதுவா ஓட்டுன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸா?" என்று க்ளென் சிரிப்பான். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். மெதுவாகப் போனால் ஆபத்தே இல்லை என்பது அவன் எண்ணம்.

கப்பல் என்ஜின் அப்படி இல்லையாம். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அதிலேயே ஓடிக்கொண்டிருந்தால், தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் தண்டு முறுக்கிக்கொண்டு அதிரும். ஒருநாள் முறிந்தும் போகும். ஒன்று அதற்குக் கீழே ஓட்ட வேண்டும், இல்லை சட்டென்று தாண்டி மேலே போய்விட வேண்டும்.

ஒரு கப்பலில் புது விசிறி மாட்டியிருந்தார்கள். அதனால் அந்த அதிர்கிற வேகமும் மாறிவிட்டது. டோரதி பழைய கணக்கையே நம்பி, டீசல் மிச்சமாகட்டும் என்று வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். சரியாக அதிர்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். "மேடம், என் சோத்துத் தட்டு அடுத்தவன் மடிக்குப் போயிடுச்சு!" என்று கப்பல் என்ஜினியர் போனில் கத்தினாராம். அவரே வேகத்தை மாற்றிவிட்டதால் எதுவும் உடையவில்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் இவளே மேலதிகாரியிடம் போய், "தப்பு என்னுது சார்" என்றாள். இனி யாராவது கப்பலில் ஏறி, ஓடவிட்டு அளந்து, பத்திரமான வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "நானே போறேன்" என்று கேட்டாள்.

ஆபீஸில் சரி என்றார்கள். க்ளென்தான் முடியாது என்றான்.

"இன்னும் மெதுவா ஓட்டுன்னு போன்ல சொல்லு, போதும். நடுக்கடல்ல உனக்கென்ன வேலை?"

"மெதுவா ஓட்டித்தான் டாடி குலுங்கிச்சு."

"பஸ்ஸு ஓட்டுனது நீயா, நானா?"

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய் வந்து உட்கார்ந்தோம். "ஆன்ட்டி, மெஷின் நடந்து வருது!" என்று கேரல் அவள் வீட்டிலிருந்து அலறினாள். ஓடினோம். கம்பளியைப் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறாள். வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே சமையலறையைப் பார்த்து வருகிறது. க்ளென் பாய்ந்து வேகத்தைக் குறைத்தான். ஆட்டம் பேயாட்டமாகிவிட்டது. மேலே இருந்த சோப்பு டப்பா கேரல் காலில் விழுந்தது.

"கையை எடுங்க டாடி." டோரதி வேகத்தைக் கூட்டினாள். ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, மெஷின் பூனை மாதிரி அடங்கி ஓடியது.

க்ளென் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்.

"கப்பல்லயும் இப்படித்தானா?"

"இதேதான். ஆனா அது மூணு மாடி உசரம்."

க்ளென் வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பெரிய பையை இறக்கி, தூசி தட்டி, அவள் கட்டில்மேல் வைத்தான்.

கப்பலேற மங்களூர் ரயிலுக்கு அவள் புறப்பட்ட அன்று, கேரல் ஒரு டப்பா அச்சு முறுக்கோடு வந்தாள். "கப்பல்ல எல்லாருக்கும் குடு. நான் அனுப்புனேன்னு சொல்லு" என்றாள். க்ளென் பையை ஆட்டோவில் ஏற்றி, "மெதுவா போப்பா" என்று டிரைவரிடம் சொன்னான். வாசற்படியில் நின்று டோரதி அவனையே பார்த்தாள்.

"ரோட்டுக்குச் சொன்னேம்மா" என்றான்.

சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.