கால் நனைந்த இடம்

புள்ளியம்மா தரையில் குந்தி உட்கார்ந்து, கட்டிலில் கிடப்பவரின் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, விரலிடுக்குகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். "இந்த வெடிப்பு எப்பலேருந்து இருக்கு? இதோட எந்தத் தண்ணியில நின்னீங்க?"

நகர சுகாதார அலுவலகத்தில் எலிக்காய்ச்சல் வரைபடம் இவர் பொறுப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெடித்த காலோடு நின்றால் வருகிற காய்ச்சல் அது. மற்றவர்களாக இருந்தால் நோயாளியின் வீட்டில் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இவர் ஒப்பமாட்டார். "காய்ச்சல் படுத்துக்கிற எடம் வேற, ஏறின எடம் வேற" என்பார். கால் நனைந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேதான் புள்ளி வைப்பார்.

அதற்கு ஆள் உண்மையைச் சொல்ல வேண்டுமே! ஒரு பஸ் டிரைவர், "வேலைக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன்" என்று ஒரே சாதிப்பு. புள்ளியம்மா அவர் மனைவியிடம், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். அந்தம்மா உள்ளே போனதும் இவர் குனிந்து, "டம்ளர் நெறையறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றார். சீட்டாட்ட அறையின் பின்வாசல் சாக்கடையில் நின்ற கதை வெளியே வந்துவிட்டது.

இவர் நுழைந்தால் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். "புள்ளி வருது, உள்ள வாங்கடி!" புள்ளி விழுந்த தெருவில் வீடு வாடகைக்குப் போகாது, கடையில் ஆள் ஏறாது. அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். பழைய சாமான் அறையில் சுவர் அளவு வரைபடத்தோடு இவர் மட்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அதைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடிப்பார்.

இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிற காய்ச்சல் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் சொந்தக்காரர்கள்கூட நம்புவதில்லை. தம்பி வீட்டுக்கு லீவில் வரட்டுமா என்று போனில் கேட்டால் தம்பி மனைவி, "வாங்க அண்ணி... பிள்ளைங்கதான் சின்னதுங்க, அதான்..." என்று இழுப்பாள். "ஆமாம்மா, ஆமா. எனக்கும் வேலை கெடக்கு" என்று இவரே பேச்சை முடித்துக் கொடுத்துவிடுவார்.

என் வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறார். வேறு யார் கொடுப்பார்கள்? நான் கொடுத்தேன். நான் எவனுக்கும் பயந்தவனில்லை. மூட்டை தூக்க வந்தவன்; கையெழுத்துப் போடப் பழகியதே மீசை முளைத்த பிறகுதான். இன்றைக்குச் சந்தைக்குப் பின்னால் நிற்கிற மூன்று தீவனக் கிடங்குகளும் என்னுடையவை. முதல் கிடங்கை நான் வாங்கிய கதையை நடுவில் எழுந்து போகாமல் கேட்டவர் இவர் ஒருவர்தான். என் பையன்கள் கதை ஆரம்பித்ததுமே செருப்பைத் தேடுவார்கள். இவரோ சாயங்காலம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்புறம் அந்தத் தரகர் என்னதான் சொன்னாரு ஐயா?" என்று எடுத்துக் கொடுப்பார். வேலைப் பேச்சு தவிர்த்து அவர் வாய் திறப்பது அந்த நாற்காலியில் மட்டும்தான். எனக்கு அது தெரியும்.

போன மழையில் என் சுமைக்காரர் ஒருவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் கால் போன வழியெல்லாம் போன புள்ளியம்மா, கடைசியில் வந்து நின்ற இடம் என் நடுக்கிடங்கின் பின்பக்கத் தண்ணீர்க் குழி. அங்கே புள்ளி விழுந்தால், எலி ஒழிகிற வரை கிடங்குக்குப் பூட்டு.

"ஏம்மா, ஒரு விரக்கடை தள்ளி வையேன். பக்கத்துல காலி மனைதானே, யாரு கேக்கப் போறா?" என்றேன். வியாபாரி பேசுகிற பேச்சுதான்.

"புள்ளியத் தள்ளி வெச்சா எலி மருந்தும் தள்ளித்தான் ஐயா விழும்."

"யாரு மாடியில இருக்கேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க ஐயா. அந்தக் குழியில எறங்கறது யாரு ஆளுங்கன்னும் ஞாபகம் இருக்கு."

மறுநாள் புள்ளி விழுந்தது. கிடங்கைப் பூட்டினார்கள். நான் ஒரு சத்தம் போடவில்லை. குழியை மூட என் செலவிலேயே ஆள் வைத்தேன். அப்படிச் செய்த முதலாளி இந்தச் சந்தையில் நான் ஒருவன்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அன்று சாயங்காலம் புள்ளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் பெரிய பை. உள்ளே பாத்திரங்கள் இடித்துக்கொண்டன.

"எங்க கிளம்பிட்டே?"

"நீங்க வாய் விட்டுச் சொல்ற சங்கடம் எதுக்கு ஐயா? இதுக்கு முன்னாடி இருந்த வீட்லயும் இப்படித்தான். சொல்றதுக்கு முன்னாடியே கிளம்பிடுவேன்."

"பெரிய மனுஷி! எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிக்கோ. அவங்க பூட்டினது என் கிடங்கத்தான், என் வீட்ட இல்ல. பையக் கீழ வெச்சுட்டு உக்காரு."

புள்ளியம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் காலருகே வைத்தார். இருட்டுகிற வரை நான் பேசிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். பையின் வாரை மட்டும் மணிக்கட்டிலிருந்து கழற்றவில்லை.