சீம்பாலோடு வந்த மனிதர்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில் இது ஆரம்பித்தது. திருக்கழுக்குன்றத்தில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் எங்கள் ஊர். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். கணவரை இழந்த பிறகு என் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். "உன் சம்பளத்துல குந்தி சாப்ட மாட்டேன்டா" என்று வந்த வாரமே சொல்லிவிட்டு ஆடு வளர்க்கத் தொடங்கினார். கறிக்கு இல்லை, பாலுக்கு. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் ஆட்டுப்பாலை விரும்பி வாங்குவார்கள்.

அக்காவின் ஆடுகளில் நல்ல கறவை மல்லிதான். வெளிமாநிலத்துக் கலப்பினம். வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. அந்த மாசியில் அது சினையாக வேறு இருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே சிரமப்பட்டது. பார்த்தால், முன்னங்கால் முட்டி இரண்டும் உருண்டையாக வீங்கியிருந்தன. எங்கேயோ இடித்துக்கொண்டது என்று அக்கா மஞ்சள் பற்றுப் போட்டார். கடையில் கேட்டு வலி மருந்தும் வாங்கிக் கொடுத்தார். வீக்கம் வடியவில்லை. சில வாரங்களில், அதே வியாபாரியிடம் வாங்கிய இன்னொரு ஆடும் முட்டி போட்டபடியே மேய ஆரம்பித்தது.

கால்நடை மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார், மடியைத் தடவிப் பார்த்தார், எங்கே வாங்கினீர்கள், குட்டிகள் பின்னங்கால் இழுத்து நடந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். இது அடிபட்ட வீக்கம் மாதிரி தெரியவில்லை, வைரஸாக இருக்கலாம், பெரும்பாலும் தாயின் பால் வழியாகக் குட்டிக்குப் போய் வருடக்கணக்கில் உள்ளேயே இருக்கும், ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது என்றார். எல்லா ஆடுகளுக்கும், நன்றாக இருப்பவற்றுக்கும் சேர்த்து, கழுத்தில் ரத்தம் எடுத்தார். அதைத் தெளியவைத்து, மேலே நின்ற நீரை மட்டும் சின்னக் குழாய்களில் நிரப்பினார். சென்னையில் ஒரு ஆய்வகத்தில் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கொண்டுபோவது என் பொறுப்பு. காலை டிரிப்பில் ஆட்களை இறக்கிவிட்டு அப்படியே சென்னைக்குப் போய்விடலாம் என்று ஐஸ் பெட்டியை என் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். வேனில் வந்த ஒரு பெண், பெட்டியில் இருப்பது மீனா, அண்ணா என்று ஆசையாகக் கேட்டார். ஆட்டு ரத்தம் என்றேன். சிறுசேரி வரும்வரை அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. ரிசல்ட் வருவதற்குள் இரண்டையும் விற்றுவிடு, வெளியே தெரிந்தால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரிசல்ட் வரட்டும் என்று அக்கா விற்க மறுத்துவிட்டார்.

ரிசல்ட் வந்தது. மல்லிக்கும் அந்த இன்னொரு ஆட்டுக்கும் நோய் இருந்தது. மற்றவற்றுக்கு இல்லை. அக்கா டாக்டரிடம் முதலில் கேட்டது, பால் குடித்தவர்களுக்கு ஏதாவது ஆகுமா என்றுதான். இது மனிதர்களுக்கு வராது, பாலை எப்போதும்போல் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா உட்கார்ந்தார். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஆனால் பரவாமல் நிறுத்த முடியும் என்றார் டாக்டர். இரண்டையும் தனியாகக் கட்ட வேண்டும். கடைசியாகத்தான் கறக்க வேண்டும். மல்லி ஈனும்போது குட்டியை உடனே பிரித்து, நோயில்லாத ஆட்டின் சீம்பாலைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரமே அச்சரப்பாக்கம் பக்கத்தில் இருந்து ஒருவர் மினி வண்டியோடு வந்துவிட்டார். எங்கள் ஆடுகள் நன்றாகக் கறக்கும் என்று கேள்விப்பட்டு, தன் ஆடுகளில் கறவை நின்றுபோனதால், பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கும் மகளுக்காக ஒரு பால் ஆடு தேடி வந்தவர். நேராக மல்லியைத்தான் காட்டினார். நல்ல சினை ஆடு, கொழுத்த உடம்பு. தனியாகக் கட்டிய இடத்தில் காலை மடக்கிப் படுத்திருந்ததால் முட்டி அவர் கண்ணில் படவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன்.

"இதுக்கு ரத்தத்துல ஒரு நோவு கீதுண்ணா," என்றார் அக்கா. "முட்டி வீங்கிப்பூடும். மருந்து கெடையாது. பாலு வழியா குட்டிக்கும் போவும். தெரிஞ்சே உங்க கையில குடுக்க மாட்டேன்."

அவர் கோபப்படுவார், இல்லை சொல்லாமல் வண்டியேறிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மல்லியின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க வூட்லயும் ஒண்ணு இப்டிதான் வீங்கிக்கினு கீதும்மா. வயசாயிடுச்சுன்னு நெனச்சுக்கினு கீறேன்," என்றார் கடைசியில். எந்த வியாபாரியிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார். அவர் வாங்கியதும் அதே ஆளிடம்தான். டாக்டரின் போன் நம்பரையும் எங்கள் நம்பரையும் வாங்கிக்கொண்டு, வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

மல்லிக்கு நாள் நெருங்க நெருங்க அக்காவுக்குத் தூக்கமே இல்லை. எங்கள் மற்ற ஆடுகளில் எதுவும் அப்போது ஈனுகிற நிலையில் இல்லை. சீம்பாலுக்கு எங்கே போவது? அந்த நேரத்தில்தான் அச்சரப்பாக்கத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. அவரும் எல்லா ஆடுகளுக்கும் பரிசோதனை செய்திருந்தார். சந்தேகப்பட்ட ஒன்றுக்கு மட்டும் நோய் இருந்தது. பிரித்துக் கட்டிவிட்டாராம். பேச்சோடு பேச்சாக அக்கா சீம்பால் கவலையைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை மனிதர் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். கையில் மீன் வாங்கும் பை. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு பாட்டில். நோயில்லை என்று ரிசல்ட் வந்த அவருடைய ஆடு ஒன்று முந்தின நாள்தான் ஈன்றிருந்தது. அதன் குட்டிக்குப் போக மிச்சத்தைக் கறந்து உறையவைத்துக் கொண்டு வந்திருந்தார். ஒரு வாய் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இருந்த ஐஸ் டிரேயை வெளியே எடுத்துவிட்டு என் மனைவி அந்த இடத்தில் பாட்டிலை வைத்தாள்.

சில நாளில் மல்லி ஈன்றது. குட்டி தரையில் விழுந்ததும், தாய் நக்குவதற்கு முன்பே அக்கா துணியில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். நோயில்லாத ஆட்டின் பாலே என்றாலும் சூடு காட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. கொதித்தால் திரிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து, ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். வெளியே மல்லி குட்டியைத் தேடிக் கத்திக்கொண்டே இருந்தது.

"உன் பாலை உன் புள்ளைக்கே குடுக்க முடியலையேடி," என்று அக்கா உள்ளே இருந்தபடியே அதனிடம் சொன்னார். குட்டி மட்டும் எதுவும் தெரியாமல் சப்புக்கொட்டிக் குடித்தது.

குட்டிக்கு உடனே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று நான் அவசரப்பட்டேன். நோய் தொற்றியிருந்தாலும் ரத்தத்தில் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம், இப்போது 'இல்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஆறு மாதம் காத்திருந்தோம். குட்டி குதிக்கும்போதெல்லாம் அதன் முட்டியைத்தான் பார்ப்பேன். பிறகு அதற்கும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். ஒருநாள், வேனில் ஆட்களோடு நாவலூர் சிக்னலில் நிற்கும்போது அக்காவின் போன் வந்தது.

"இல்லையாம்டா," என்றார்.

மறுபடி எடுத்த பரிசோதனையிலும் நோய் இல்லை. குட்டி இப்போது வளர்ந்து நிற்கிறது. மல்லி, அந்த இன்னொரு ஆட்டோடு, இன்னும் தனிக்கொட்டிலில் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருக்கிறது. மற்ற ஆடுகளுக்கு டாக்டர் சொன்னபடி அவ்வப்போது ரத்தம் பார்க்கிறோம். அச்சரப்பாக்கத்துக்காரர் இன்று எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருகிற சொந்தம்போல் ஆகிவிட்டார். மறைக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிட்டோமே என்று அன்று மல்லியின் பக்கத்தில் நின்று நான் பயந்தேன். சொன்னதால்தான் இரண்டு வீட்டு ஆடுகள் பிழைத்தன என்பதை நினைக்கும்போது, கெட்ட செய்தியைக்கூட நேராகச் சொல்கிறவர்களுக்குத் துணைக்கு ஆள் வந்துவிடும் என்ற தைரியம் எனக்கு இன்றைக்கும் வருகிறது.