பெரிய மனுஷி

ஆலங்குடி முந்திரிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் செங்கமலத்துக்கு வயது நாற்பத்து நான்கு. மேனேஜர் ஆவுடையப்பனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான். இருபது வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் வைத்த பெயர். அவர் "பாப்பா" என்பார். இவள் "அண்ணே" என்று குழைவாள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற எனக்கே எரிச்சலாக வரும்.

போன மாதம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திருச்சியிலிருந்து ஒரு பெண் வந்தார். போர்டில் மூன்று வட்டம் போட்டார். பெற்றோர், பெரியவர், குழந்தை. எல்லாருக்குள்ளும் இந்த மூன்று பேரும் இருக்கிறார்களாம். ஒருவர் அப்பாவாக அதட்டினால், எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் குழந்தையாகிக் கெஞ்சுவாராம். "நடு வட்டத்துல நின்னு பெரிய மனுஷங்களாப் பேசுங்க. எதிராளியும் அங்க வந்துருவாங்க" என்றார். செங்கமலம் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அவளுக்குத் தேவை இருந்தது. திங்கட்கிழமை திருச்சியில் மகள் ஹரிணிக்கு நர்சிங் காலேஜ் அட்மிஷன். கணவன் குவைத்தில். இவள் கூடப் போகாவிட்டால் சீட்டு போய்விடும். லீவு கேட்க நான்கு நாள் ஒத்திகை பார்த்தாள், என்னை மேனேஜராக வைத்து.

வெள்ளிக்கிழமை அவர் முன்னால் போய் நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"சார், திங்கக்கெழம எனக்கு லீவு வேணும். மக அட்மிஷனுக்குப் போகணும். என் வேலைய நாளைக்கே முடிச்சு வச்சிடுறேன்."

அண்ணே இல்லை, சார். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தானே.

"அடேங்கப்பா! எல்லாரும் இங்கிட்டு வாங்கப்பா. நம்ம பாப்பா பெரிய மனுஷி ஆயிருச்சு! குச்சு கட்டணும், சீர் வைக்கணும்!"

ஆபீசே சிரித்தது. நாற்பத்து நான்கு வயதுக்காரிக்கு மஞ்சள் நீராட்டு! பாழாய்ப்போன அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் வேறு அர்த்தமும் உண்டென்று திருச்சிக்காரப் பெண்ணுக்குத் தோன்றாமலா போனது?

செங்கமலம் முகம் கன்றி நின்றாள். அப்புறம் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போங்கண்ணே... கொஞ்சம் பாத்து விடுங்கண்ணே. பாவம், புள்ள."

"இப்புடிக் கேட்டா நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்? போயிட்டு வா பாப்பா."

கையெழுத்தான லீவு லெட்டரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹரிணிக்கு போன் போட்டு, "கெடச்சிருச்சு" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுந்தானே சிரிச்சீங்க, அக்கா?"

ஆமாம். நானும்தான்.