பெட்டிக்குப் போகாத பிழை

உள்ளறையில் எக்கார்டின் குரல் பாதியில் அறுந்து நின்றது.

"இர்மா... அந்த ஜன்னலை... ஜன்னலை..."

சமையலறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த இர்ம்கார்ட் நோவாக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாத்து" என்று எடுத்துக் கொடுத்தாள். காற்றைப் போன்ற குரல்தான். ஆனால் சுவர் தாண்டிப் போனது.

"ஆங், சாத்து" என்றார் அவள் கணவர் நிம்மதியாக. பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருஷமாக அவருடைய பேச்செல்லாம் இப்படித்தான். பாதி அவருடையது, மீதி அவளுடையது.

மேசையருகே உட்கார்ந்திருந்த சில்கே சிரித்துவிட்டாள். "அதே குரல், அத்தை! சின்னப் பிள்ளைல மேடைக்கு அடியில பூனை பேசுதுன்னு நினைச்சிருக்கேன்."

"பூனையா இருந்திருந்தா தேவலை. மேலாளர் பூனைக்குத் தினமும் பால் வெச்சார். எனக்குத் திட்டுதான்."

மாதம் ஒருமுறை கசகசா கேக்கோடு வந்துவிடுவாள் சில்கே. ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும், பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு அவள்தான் வெளிச்சம். இன்று கேக்கோடு ஒரு காகிதக் கட்டும் வந்திருந்தது. இர்ம்கார்ட் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் உட்கார்ந்தாள்.

இர்ம்கார்டுக்கு வயது அறுபத்து மூன்று. அதில் முப்பத்தைந்து வருஷம் கோர்லிட்ஸ் நகரத்தில், மீன்சந்தைக்குப் பின்னாலிருந்த சின்ன நாடக அரங்கில், மேடை விளிம்பில் பதித்த ஒரு மரப்பெட்டிக்குள் கழிந்தது. நடிகர்களுக்கு வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பெட்டியின் மூடி முதுகுப்பக்கம் மறைத்துவிடும். நாடகம் பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. போர் முடிந்த வருஷம், பதினாறு வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நைஸே ஆற்றைத் தாண்டி வந்தவள். பிறந்த வீடு அக்கரையில் இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டது. இக்கரையில் அவளுக்குக் கிடைத்த முதல் சூடான இடம் அரங்கத்தின் தையலறை. பிறகு அந்தப் பெட்டி. அதைவிட்டு வெளியே வர அவளுக்குத் தோன்றியதே இல்லை.

எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை. எப்போது கொடுக்கக்கூடாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடிகன் மறந்து நிற்பது ஒரு மௌனம்; வேண்டுமென்றே நிற்பது வேறொரு மௌனம். இரண்டுக்கும் இடையில் ஒரு மூச்சுதான் வித்தியாசம். அந்த மூச்சை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்த அரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. 'பிழை பெட்டிக்குப் போகும்' என்பார்கள். மேடையில் யார் உளறினாலும் மறுநாள் மேலாளர் முன்னால் வசனக்காரி எழுந்து, "நான்தான் லேட்டா குடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். நடிகனின் மானம் பிழைத்துவிடும். அவளுக்கு ஒரு திட்டு விழும். சாயங்காலம் நிலவறை மதுக்கடையில் அந்த நடிகன் செலவில் ஒரு குவளை பீர் வரும். இர்ம்கார்ட் அப்படி நூறு பிழைகளை விழுங்கியிருக்கிறாள்.

ஒன்றைத் தவிர.

"அப்பாவோட கோப்பு கைக்கு வந்துடுச்சு, அத்தை" என்றாள் சில்கே.

பழைய கம்யூனிஸ்ட் அரசாங்கம் போய் இரண்டு வருஷமாகிறது. அது தன் மக்களை வேவு பார்த்து எழுதி வைத்திருந்த கோப்புகளை இந்த வருஷம்தான் அவரவர் கண்ணில் காட்டத் தொடங்கியிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் பாதிப் பேரோடு பேசாமல் போனது அதற்குப் பிறகுதான்.

சில்கேயின் அப்பா ரூடிகர் வென்ஸ்கே அந்த மேடையின் ராஜா. எழுபத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு படகோட்டி வேஷம் போட்டார். 'ஆறு பெருகிக் கிடக்கிறது, படகு விட முடியாது' என்பது வசனம். அன்று மேடையில் அவர் மட்டும்தான். சற்று நின்றார். பிறகு நிதானமாக, 'ஆறு வற்றித்தான் கிடக்கிறது, படகு விட உத்தரவில்லை' என்றார். எல்லையைத் தாண்ட முடியாமல் அடைந்து கிடந்த சனம்! ஒரு நொடி அமைதி. அப்புறம் கூரை இடிகிற மாதிரி கைதட்டல்.

"தடுமாறிட்டேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்னுதான் அப்பா சொன்னார். அதை நம்பியிருந்தா விட்டிருப்பாங்க. இதைக் கேளுங்க." சில்கே ஒரு தாளை எடுத்துப் படித்தாள். "'வென்ஸ்கே தடுமாறவில்லை. சரியான வசனம் தரப்பட்டது. அதைக் கேட்டார், சிரித்தார், பிறகு வேறொன்றைச் சொன்னார். இது அரங்கப் பணியாளர் ஒருவரின் வாக்குமூலம்.' பேரை மட்டும் கறுப்பு மையால அடிச்சுட்டாங்க. ஆனா நீங்க எடுத்துக் குடுக்கறது பக்கத்திரைல நின்ன ஆளுக்குத்தானே கேட்கும்? அன்னைக்கு அங்க நின்னது பென்னோ."

பென்னோ அரங்கத்தின் மேடைப் பொறுப்பாளர். ரூடிகரின் உயிர் நண்பன். ஞானஸ்நானத்தில் சில்கேயைக் கையில் ஏந்தியவர்.

"அவர் கதவுல சிவப்புப் பெயிண்டால 'ஒற்றன்'னு எழுதியிருக்கு. பேக்கரிக்காரி ரொட்டி தீர்ந்துடுச்சுன்னு சொல்லி அனுப்பினாளாம், பின்னாடி தட்டு நிறைய அடுக்கி வெச்சுக்கிட்டு."

"கதவுல எழுதினது நீயா?"

"நான் இல்ல. ஆனா நான் அழிக்கவும் இல்ல." சில்கே இன்னொரு தாளை நகர்த்தினாள். "பென்னோ அன்னைக்கு இடது பக்கத்திரைல நின்னார். அவ்வளவுதான் எழுதியிருக்கேன். பொய் ஒண்ணும் இல்லையே? கையெழுத்துப் போடுங்க. திங்கக்கிழமை பேப்பர்ல வருது."

பொய் இல்லைதான். எழுபத்தொரு வயதுக் கிழவனை உயிரோடு புதைக்க அந்த ஒரு வரி உண்மை போதும்.

பேனாவை எடுத்த இர்ம்கார்டின் கண்முன், எழுபத்தேழில் ரகசியப் போலீஸ் அவளை விசாரித்த அந்த அலுவலக அறை வந்து நின்றது. அவளைவிட இளைய ஒருவன். மிரட்டவில்லை, அடிக்கவில்லை. புன்னகையோடுதான் கேட்டான்: "அப்ப, நோவாக் அம்மா, நீங்க பெட்டிக்குள்ள தூங்கிட்டீங்க, அதானே? வயசாகுது பாருங்க. வேற சின்னப் பொண்ணு யாரையாவது போட்டுடலாமா?"

"ஆமாம், தூங்கிவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் போதும். பிழை பெட்டிக்குப் போயிருக்கும். ரூடிகர் மேடையில் இருந்திருப்பார். அதை நம்பித்தான் அவர் அப்படிச் சொல்லவே துணிந்தார். ஆனால் பாழும் கர்வம்! இருபது வருஷத் தொழில் நெஞ்சுக்குள் எழுந்து நின்றது. "நான் நேரத்துக்குக் குடுத்தேன்! அவர் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரிச்சார்!" என்று கத்திவிட்டாள். அந்த இளைஞன் நிதானமாக எழுதிக்கொண்டான்.

ரூடிகர் அதன் பிறகு மேடையேறவில்லை. கொதிகலன் அறையில் ஏழு வருஷம் நிலக்கரி அள்ளினார். நுரையீரல் கறுத்துச் செத்தார். அடக்கத்தன்று பதினைந்து வயதுச் சில்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இர்ம்கார்ட்தான்.

இப்போது சொன்னால் இந்தக் கேக்கும் சிரிப்பும் இனி வராது. மூன்றாம் மாடிக்குக் கரிக்கட்டி தூக்கித் தரும் பக்கத்து வீட்டுக்காரன் வரமாட்டான். அந்தச் சிவப்புப் பெயிண்ட் இந்தக் கதவுக்கு வரும். உள்ளே படுத்துக்கிடக்கும் எக்கார்டுக்கு அது என்னவென்று விளக்கிச் சொல்லக்கூட முடியாது.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"இடது பக்கத்திரைல நின்னா, அந்தக் காட்சியில உன் அப்பாவோட முதுகுதான் தெரியும், சில்கே."

"அதனால என்ன?"

"'சிரித்தார்'னு எழுதியிருக்கே. கீழே உட்கார்ந்திருந்த சனத்துக்குச் சிரிப்பு தெரியும், நான் குடுத்த வசனம் கேட்காது. பென்னோவுக்கு வசனம் கேட்கும், சிரிப்பு தெரியாது. ரெண்டும் கிடைக்கிற இடம் அந்த அரங்கத்துல ஒண்ணே ஒண்ணுதான்."

சில்கேயின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"என்ன குடுத்தாங்க உங்களுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல."

"மிரட்டினாங்களா? மாமாவைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"நான் தூங்கிட்டேன்னு சொன்னான்."

"அதுக்கா?" சில்கேயின் குரல் கிழிந்தது. "பயந்துட்டேன்னு சொல்லுங்க, அத்தை. பொய்யாவாவது சொல்லுங்க. பயம்னா நான் மன்னிச்சிருப்பேன்."

இர்ம்கார்ட் மேசையில் சிந்திக் கிடந்த கசகசாவை விரலால் ஒதுக்கினாள்.

"அப்பா சாப்பிடறப்போ பாதிப் பேச்சுல நிறுத்திடுவார். யாராவது எடுத்துக் குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டே இருப்பார். எங்களுக்கு என்ன குடுக்கறதுன்னு தெரியாது. பென்னோ ஜன்னலுக்கு வெளியே நின்னு கூப்பிடுவார். கதவைத் திறக்காதன்னு அப்பா என்னைத் தடுத்துடுவார். உங்களைத்தான் உள்ளே விட்டார். உங்களை!"

கண்ணீரைத் துடைக்காமலே அவள் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டாள். "பின்பக்கம் எழுதுங்க. நீங்க இப்பச் சொன்னதை அப்படியே."

இர்ம்கார்ட் எழுதினாள். நான்கு வரி. கீழே முழுப்பெயர்.

சில்கே தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். "இதை முதல்ல பென்னோகிட்ட காட்டணும். மீதிக் கேக்கை மாமாவுக்குக் குடுங்க, நோவாக் அம்மா."

இருபத்து மூன்று வருஷமாக அத்தை என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

உள்ளறையிலிருந்து எக்கார்டின் குரல் வந்தது. "இர்மா... யாரு... அங்க யாரு..."

நின்றது. காத்திருந்தது.

இர்ம்கார்ட் வாயைத் திறந்தாள். முப்பத்தைந்து வருஷம் ஒருநாளும் பிந்தாத அந்தக் குரல் தொண்டையிலேயே செத்துக் கிடந்தது.

கைப்பிடியில் கை வைத்திருந்த சில்கே ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரும் இல்ல, மாமா" என்றாள்.

"ஆங், யாரும் இல்ல" என்றார் அவர்.

கதவு சாத்திக்கொண்டது.