கார் சார்ஜரும் பக்கத்து வீட்டுக் கையெழுத்தும்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. வீட்டுச் சுவரில் மின்சாரக் கார் சார்ஜர் பொருத்திப் பூட்டுவதற்கு ஒருவரை அழைத்தேன். அவர் படிக்கட்டின் கீழிருந்த மீட்டர் அலுமாரியைத் திறந்தார், டோர்ச் அடித்துப் பார்த்தார், மூடினார்.

2. "உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கேபிள். அதைப் பிரிக்காமல் பூட்டமாட்டேன்" என்றார். ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்காமலே போனார்.

3. பிரித்துத் தரும்படி மின்விநியோகக் கம்பனிக்கு விண்ணப்பித்தேன். தோண்டும் செலவு தங்களுடையது, ஆனால் பக்கத்து வீட்டு முன்முற்றத்தையும் தோண்ட வேண்டும், அதற்கு அந்த வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று பதில் வந்தது.

4. பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரை வாசலில் கண்டு ஒரு கேள்வி கேட்டார். என் கணவர் உண்மையைச் சொன்னார்.

5. இரண்டு வாரத்தில் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டின் உரிமையாளர் யார் என்பதில் சந்தேகம் எழுந்துள்ளதால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

நான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதுக்காரி. மின்பொறியியல் படித்து, வட இங்கிலாந்தின் ஒரு நகரத்தில் சூரிய மின்கலத் தகடுகளை வடிவமைத்துப் பொருத்தும் ஒரு சிறு கம்பனியில் வேலை செய்கிறேன். என் கணவர் நௌசாத்துக்கு அதே கரையின் அட்டாளைச்சேனை. இங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் மின்சாரக் கார். வீட்டில் சார்ஜர் இல்லாததால் ஒவ்வொரு நாளும் ஒரு பல்பொருள் அங்காடியின் வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் கிடந்து சார்ஜ் செய்துகொண்டு வருகிறார். அந்த இரண்டு மணித்தியாலத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

சார்ஜர் பூட்ட என்ன செலவு என்று ஊரிலிருந்தும் இப்போது கேட்கிறார்கள். கல்முனை வீதியிலும் மின்சாரக் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கேட்கிறவர்களுக்கு நான் அனுப்பும் பட்டியல் எளிமையானது: சார்ஜர் பெட்டி, தடித்த கேபிள், அதற்கென்று தனியான ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த், பூட்டுகிறவரின் கூலி. பெட்டி ஒரு பங்கென்றால் மற்றவை எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்கு வரும். மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் தூரமென்றால் அதைவிடக் கூடும். ஆனால் இங்கே எனக்கு வந்த எந்த விலைமதிப்பிலும் நான் சொல்லப்போகும் செலவு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் கீத். மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்றவர். இரண்டு வீடுகளும் ஒரு சுவரைப் பங்கிட்டு ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள். தோண்டுவது பற்றிய கடிதம் அவருக்கும் போயிருந்தது. அவர் நௌசாத்தை மறித்து, "இது உன்னுடைய வீடுதானே?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் கரையில் பிறந்த எந்த ஆணும் சொல்லும் பதிலை நௌசாத் சொல்லியிருக்கிறார்: "இல்லை, என் மனைவியின் வீடு. நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான்." கீத் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்றால், மனைவியின் வீடென்பது ஒரு சாக்கு, இந்த மனிதர் வாடகைக்கு ஒதுங்கியிருப்பவர், உண்மையான உரிமையாளருக்குத் தெரியாமல் வீட்டைக் கிண்டப் பார்க்கிறார். கம்பனிக்கு அப்படியே எழுதிவிட்டார்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நௌசாத்திடம் கேட்டேன்.

"என்ன மச்சான் அவருக்கிட்ட செல்லிப்போட்டு வந்தீங்க?"

"என்ன செல்லுற? இது உங்கட ஊடா எண்டு கேட்டாரு. இல்ல, பொஞ்சாதிட ஊடு, நான் இதுக்குள்ள இரிக்கன் எண்டு செல்லினன். பொய்யா?"

"பொய்யில்ல. அதான் பிரச்சின."

பொய் இல்லைதான். இந்த வீடு என் ஒருத்தியின் பெயரில் இருக்கிறது. வாங்கும்போது எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, அவர் தொழில் தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வங்கி என் பெயருக்குத்தான் கடன் தந்தது. வங்கியின் சட்டத்தரணி, 'வீட்டில் எனக்கு உரிமை இல்லை' என்று நௌசாத்திடம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார். மனம் நோகுமோ என்று அந்தச் சட்டத்தரணி இரண்டு தரம் தயங்கி விளக்கினார். நௌசாத் சிரித்துவிட்டு, "ஊர்ல இதக் கடதாசி இல்லாமச் செய்யிறம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கட்டி, உறுதிப் பத்திரத்தையும் அவள் பெயரில் எழுதி, பிறகுதான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் ஒழுங்கைச் சந்தில் எந்த வீட்டைக் காட்டுவதென்றாலும் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் காட்டுவோம். இந்த வழக்கத்தை நான் புகழவில்லை. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற என் வாப்பா சாகாமத்துப் பக்கமிருந்த வயலைத் துண்டு துண்டாக விற்றார். மூன்றாவது கூரை ஏறியபோது அவரிடம் விதைக்க நிலம் இருக்கவில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்தவருக்கு நான் என்ன சொல்ல? ஆனால் அந்தப் பாரத்தோடு சேர்ந்து எனக்கு ஒன்று கிடைத்தது. என் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கும் நான் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வயரிங் நடந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன், கலியாணம் பேசவுமில்லை. வயரிங் மேஸ்திரியான பாஸ் பிளக்குகளுக்கு எர்த் வயர் இழுத்திருந்தார், ஆனால் மறுமுனையை நிலத்துக்குள் அடிக்கும் கம்பியோடு சேர்க்கவே இல்லை. சுவருக்குள் சும்மா விட்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

"புள்ள, கரண்ட் எங்களுக்குத் தெரியும். நீ உள்ள போய் பிளேன்டீ ஊத்து."

"ஊட்டுக்காரி செல்றன். கழட்டுங்க."

"மாப்பிள வாற முன்னமே ஊட்டுக்காரியா?" என்று சிரித்துவிட்டு பாஸ் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா சாந்துச் சட்டியிலிருந்து நிமிரவில்லை. "என்னப் பாக்காத. ஊடு அவட" என்றார். பாஸ் முணுமுணுத்துக்கொண்டு கழற்றினார். அன்றைக்கு எனக்கு இது பெரிய விசயமாகவே படவில்லை.

இங்கிலாந்தில் பெரிதாகப் பட்டது. நௌசாத்தின் காக்கா, லண்டனிலிருக்கும் அவருடைய அண்ணன், விசயம் கேள்விப்பட்டு அழைத்தார்.

"புள்ள, ஒரு வேல செய்ங்க. அப்ளிகேசன நௌசாத்ட பேருக்கு மாத்துங்க. ஆம்புளட பேர்ல போனா வெள்ளக்காரன் மறுபேச்சுப் பேசமாட்டான்."

"காக்கா, அக்கரைப்பற்றில உங்கட ஊடு ஆர்ட பேர்ல இரிக்கி?"

"எனக்கேது அங்க ஊடு? அது என்ட பொஞ்சாதிட."

"பின்ன?"

"அது ஊர் புள்ள! இது வேற. இல்லாட்டி சாதாரண பிளக்கில போட்டு விடியுமட்டும் சார்ஜ் பண்ணுங்க. ஏன் வீணா வம்பு?"

ஏன் முடியாது என்பதற்குத் தொழில்முறைக் காரணத்தைச் சொன்னேன். பழைய வீட்டின் பழைய பிளக் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் அந்தச் சுமையை இழுத்தால் சூடேறும். அப்படி இழுத்தாலும் நாள் முழுக்க ஓடும் வாடகைக் காருக்கு அது போதாது. பெயரை ஏன் மாற்ற முடியாது என்பதற்குக் காரணம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் தேவை என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுப் பத்திரத்தின் பிரதியைக் கம்பனிக்கு அனுப்பினேன். சந்தேகம் தீர்ந்து, ஒரு பரிசோதகரை அனுப்பினார்கள். அவரது வாகனம் வந்து நின்றதும் கீத்தும் தன் வாசலிலிருந்து இறங்கி வந்தார். என்னிடம் பேசாமல் பரிசோதகரிடம் பேசினார். தன் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் இவர்கள் கார் ஓட்டப் போகிறார்கள், தன் வீட்டுக் கேபிள் எரிந்தால் யார் பொறுப்பு என்றார். எனக்கு விடை தெரியும். சார்ஜர் பூட்ட வந்தவர் திரும்பிப் போன அன்றே அந்த அலுமாரிக்குள் பார்த்துவிட்டேன். வாயைத் திறக்காமல் கதவை மட்டும் திறந்துவிட்டேன்.

பரிசோதகர் குனிந்து பார்த்தார். பிறகு கீத்தையும் குனியச் சொன்னார்.

"வீதியிலிருந்து வரும் கேபிள் இது. இங்கேதான் ஏறுகிறது. பக்கத்தில் இன்னொன்று போகிறது, பாருங்கள். அது உங்கள் வீட்டுக்குப் போவது."

"அப்படியென்றால் எனக்கு இவர்கள் வீட்டிலிருந்தா வருகிறது?"

"இவர்கள் வீட்டு வழியாக வருகிறது. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்."

கீத் நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது. நௌசாத் என் காதருகே, "செல்லவா, இவ்வளவு காலமும் நாமதான் அவருக்குக் கரண்ட் குடுத்த எண்டு?" என்றார். "வாய மூடுங்க மச்சான்" என்றேன். ஆனால் உள்ளே நானும் சிரித்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

மூன்று நாள் கழித்து வேலிக்கு அப்பாலிருந்து கீத் முதன்முறையாக என்னோடு கதைத்தார். கையெழுத்துப் போடச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. தோண்டிய பிறகு அவரது முற்றத்துக் கற்களை முன்போலவே பதித்துத் தருவதாக என் கணவர் எழுதித் தர வேண்டும்.

"நான் எழுதித் தருகிறேன்" என்றேன். "வீடு என்னுடையது."

"தெரியும். தவறாக நினைக்காதே. ஓர் ஆண் எழுதித் தந்தால் எனக்கு நிம்மதி. என் மனைவி இருந்தபோதும் இதையெல்லாம் நான்தான் பார்த்தேன்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை, தனிமை இருந்தது. அது எனக்குக் கேட்டது. கேட்டும், முடியாது என்றேன். கற்களைப் பதிக்கும் பொறுப்பை என் பெயரில் எழுதி, கையெழுத்திட்டு, அவரது கதவிலிருந்த தபால் துவாரத்தில் போட்டேன்.

அன்று நௌசாத் களைத்து வந்தார். அவருடைய இரண்டு மணித்தியாலம்தான் ஒவ்வொரு நாளும் போகிறது, என்னுடையது அல்ல. அதனால் கேட்டேன்.

"மச்சான், உங்களுக்கு ஏலாட்டிச் செல்லுங்க. ஒரு கையெழுத்துத்தான். போடுறீங்களா?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் போட்டா அது கள்ளக் கையெழுத்து புள்ள. எனக்குச் சொந்தமில்லாத ஊட்டுக்கு நான் எப்பிடிப் பொறுப்பு எழுதுற? அவரு போடுற நேரம் போடட்டும். சோத்தப் போடு."

ஒரு சார்ஜர் பூட்ட என்ன செலவாகும் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கில் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்களிடம் கேட்கப்பட்ட விலை ஒரு பெயர். சிறியது, மலிவானது, ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடக் கூடியது. புலம்பெயர்ந்த நாட்டில் நாம் அப்படி எத்தனையோ கொடுத்திருக்கிறோம். குளிருக்காகவும் வேலைக்காகவும் பக்கத்து வீட்டாரின் நிம்மதிக்காகவும் கொடுத்தோம். இதை நான் கொடுக்கவில்லை.

இன்றைய நிலை இதுதான். சார்ஜர் பெட்டி படிக்கட்டின் கீழே, மீட்டருக்குப் பக்கத்தில், பிரிக்கப்படாமல் இருக்கிறது. கீத் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நான் விண்ணப்பத்தை மீளப்பெறவுமில்லை, மாற்றவுமில்லை. இப்போது குளிர்கால மாலை நான்கு மணி, இந்த ஊரில் இருட்டிவிட்டது. என் வீட்டுக்குள்ளால் போகும் மின்சாரத்தில் கீத்தின் ஜன்னல் வெளிச்சமாக இருக்கிறது. எங்கள் கார் ஓர் அங்காடியின் வாசலில் நிற்கிறது, நௌசாத் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்.